எழுந்திருக்க இடமில்லாத பீரோ

டயகனல் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?

சிரிக்காதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் யாராவது வழி கேட்டால், "மேம்பாலத்தைத் தாண்டுங்க... டயகனலா எதிர்ல ஒரு டீக்கடை வரும்" என்று கையைக் கோணலாக நீட்டிச் சொல்கிற ஆள் நான். கேட்டவர் டீக்கடையைக் கண்டுபிடிக்கிறாரோ இல்லையோ, 'படிச்ச மனுஷன்' என்று நினைத்துக்கொண்டு போவார். எனக்கு அது போதும்.

அந்த வார்த்தைதான் விழுப்புரத்தில் வைத்து என்னை மடக்கியது.

மகள் ரம்யாவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள் ஆகின்றன. விழுப்புரத்தில் மாமியாரோடு சேர்ந்து குடித்தனம். மாப்பிள்ளை வீட்டில் பீரோ கேட்டார்களா? இல்லை. "செவுத்துலயே ஷெல்ஃப் அடிச்சிக்கலாம் மாமா" என்றுதான் மாப்பிள்ளை சொன்னார். நான் விடுவேனா? போன இடத்தில் 'இது எங்கப்பா குடுத்தது' என்று சொல்ல, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஒரு சாமான் வேண்டாமா? கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. முடிவாகிவிட்டது.

உண்மையில் அது பயம். எங்கள் வீட்டில் ரம்யா வாயாடி. கொஞ்ச நாளாக போனில் "ம்... நல்லாருக்கேம்பா... அப்பறம் பேசறேன்" என்று முடித்துவிடுகிறாள். சம்மந்தியம்மாவோ கோலியனூர் பக்கம் கணக்கு டீச்சராக இருந்து ரிடயர் ஆனவர். கணக்கு டீச்சர் என்று கேட்டாலே இன்றைக்கும் என் உள்ளங்கை தானாகச் சிவக்கும். அந்த வீட்டில் என் பெண் வாயைத் திறக்கிறாளா இல்லையா? துணைக்கு ஒரு பீரோவையாவது அனுப்பிவைப்போமே...

அளக்காமல் வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். டேப்போடு போய் ரம்யாவின் அறையை அளந்தேன். சின்ன அறை. தலைக்கு மேலே அறை முழுக்க லாஃப்ட், அதாவது சிமென்ட் பரண். அதன் அடிப்பக்கம் வரை அளந்தேன். கடைக்குப் போய் பீரோவை அளந்தேன். பீரோவைவிட அறை ரெண்டு அங்குலம் உயரம்.

"இன்னும் யாரையாச்சும் ஒரு வார்த்த கேளுங்க" என்றாள் மனைவி.

கேட்டேனா? டேப் கையில் இருக்கிறவன் எதற்கு இன்னொருவனைக் கேட்க வேண்டும்?

ஞாயிறு மதியம் குட்டியானை வண்டியில் பீரோவும், பின்னாலேயே பஸ்ஸில் நானும் மனைவியும் விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம். அறையின் கதவு குள்ளம். அதனால் பீரோவைப் படுக்கப்போட்டு, லோடு ஆட்கள் ரெண்டு பேரும் மாப்பிள்ளையும் நானும் உள்ளே கொண்டுபோனோம். நான் தூக்கினேன் என்பதைவிட, கூடவே நடந்தேன் என்பது சரியாக இருக்கும்.

"தூக்கு... தூக்கு... அப்டியே நிமித்து..."

டங்!

பீரோவின் தலை லாஃப்ட்டில் முட்டியது. இறக்கினோம். திருப்பிப் போட்டோம். மறுபடி நிமிர்த்தினோம். டங்!

இது என்ன மாயம்? படுத்தால் இடமிருக்கிறது. நின்றால் இடமிருக்கிறது. நடுவில் எழுந்திருக்க மட்டும் இடமில்லை!

"சார், அளவு எட்த்துக்கினுதான வாங்கினீங்க?" என்றார் ஒரு லோடு ஆள்.

"எடுத்தேம்பா!"

"அப்ப ரூமுதான் சுருங்கிக்கினு போயிருக்கு."

"இன்னாங்க, ராகுகாலம் வந்துடப் போவுது. ஜல்தியா நிக்க வைங்க" என்றாள் மனைவி. அவள் கையில் மஞ்சள் வைத்த முதல் புடவை. "படுத்துக்கினு இருக்கற பீரோவுல யாராவது மொத பொடவ வெப்பாங்களா?"

வியர்த்துக் கொட்டியது. அந்தப் பதற்றத்தில்தான் அந்த யோசனையை வெளியிட்டேன். "லாஃப்ட்டை ஓரமா கொஞ்சம் தட்டிட்டா...?"

மாப்பிள்ளை அண்ணாந்து லாஃப்ட்டைப் பார்த்தார்.

"இது நாங்க கடன் வாங்கிக் கட்டின வூடு, அண்ணே" என்றார் சம்மந்தியம்மா, மெதுவாக.

ரம்யாவைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். முகம் சிவந்துவிட்டது. தோள் குலுங்குகிறது. போச்சு... அழுகிறாள். மாமியார் வீட்டில் அவள் தலை நிமிரட்டும் என்று பீரோ வாங்கி, அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேனே!

கையை எடுத்தாள். அழவில்லை. அடக்க முடியாத சிரிப்பு.

"அத்தை, நான் ஜெயிச்சிட்டேன்! ராத்திரி பாத்திரம் தேய்க்கறது நீங்கதான்!"

"தோத்துட்டேன்டி... ஒத்துக்கறேன்" என்றார் சம்மந்தியம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "காத்தால காபி குடிச்சிக்கினே பந்தயம் கட்டினோம் அண்ணே. ரெண்டே அங்குலந்தான் மிச்சம்னு நீங்க சொன்னத வெச்சி, பீரோ நிமிராதுன்னு இவ சொன்னா. நான் உங்க கட்சி. இத்தினி வயசு மனுஷன் டயகனல் பாக்காமயா வாங்குவாருன்னேன். ஏமாத்திட்டீங்களே!"

"டயகனலா?" என்றேன். கண் முன்னால் டீக்கடை வந்து போனது. "அது எதிர்ல... கோணலா..."

"அப்பாவுக்குத் தெரியாது அத்தை. நான் சொல்லல?"

சம்மந்தியம்மா என் டேப்பையே வாங்கி, பீரோவின் பக்கவாட்டில் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு இழுத்துப் பிடித்தார். "உயரத்த மட்டும் பாத்தா போதாது அண்ணே. சாச்சி நிமித்தறப்ப இந்த மூலைக்கு மூலைதான் லாஃப்ட்டுல இடிக்கும். உயரத்தவிட இது எப்பவுமே பெருசு. தமிழ்ல மூலைவிட்டம்னு படிச்சிருப்பீங்களே?"

மூலைவிட்டமா? அவரை எனக்கு நன்றாகத் தெரியுமே! தமிழ் மீடியத்தில் தேற்றத்தோடு மனப்பாடம் செய்து, அடியும் வாங்கியிருக்கிறேன். அவரும் டயகனலும் ஒரே ஆள்தான் என்று இத்தனை வருஷமாக ஒருத்தரும் சொல்லவில்லை. மூலைவிட்டத்தைப் பரீட்சைக்கும், டயகனலை டீக்கடைக்கும் வைத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டேன்.

"சரி, பேஜாரு பண்ணாம வழிய சொல்லுங்க" என்றார் லோடு ஆள்.

ரம்யா சொன்னாள். "அடியில ஸ்டாண்டு தனியாத்தான இருக்கு? நட்டைக் கழட்டிடுங்க. பீரோ குள்ளமாயிடும், நிமித்திடலாம். அப்பறம் நேரா தூக்கி ஸ்டாண்டை அடியில தள்ளுங்க. நேரா தூக்கறப்ப டயகனல் வராது. கரெக்டா அத்தை?"

"ஃபுல் மார்க்" என்றார் மாமியார்.

ராகுகாலத்துக்கு முன்பே பீரோ எழுந்து நின்றது. முதல் புடவையை மாமியாரும் மருமகளும் சேர்ந்து வைத்தார்கள். கண்ணாடியில் அவர்கள் ரெண்டு பேரும் தெரிந்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் கோணலாக நானும் தெரிந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி சொன்னாள். "போன்ல ஏன் சீக்கிரம் வெச்சிடறான்னு இப்பத் தெரியுதா? மாமியாரோட வம்பளக்கவே அவளுக்கு நேரம் பத்தல."

படுக்க எவ்வளவு இடம், நிற்க எவ்வளவு இடம் என்று அளந்துவிடுகிறோம். ஒருவர் எழுந்து நிற்பதற்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்பதை யார் அளக்கிறோம்? புது வீட்டில் என் பெண்ணுக்கு அந்தக் கூடுதல் இடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது — என் டேப்பைக் கேட்காமலே.

திண்டிவனத்தில் இறங்கியதும் ஒருவர் வந்து மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கடைக்கு வழி கேட்டார். கை பழக்கத்தில் கோணலாகக் கிளம்பியது. இழுத்துப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"நேரா போங்க சார்... போயி, வேற யாரையாச்சும் கேளுங்க."