ஆஞ்சியோவுக்குப் பின் வந்த நடுக்கம்

தொண்ணூறுகளின் கடைசி. என் கணவர் ஆஞ்சியோகிராம் முடிந்து டெல்லி மோதி பாக்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் இளைத்துப்போனார். கைகள் நடுங்கின, நெஞ்சு ஓயாமல் படபடத்தது. "நான் போயிட்டா நீ டெல்லியில தனியா இருக்காதே" என்றார். இதயம்தான் கைவிடுகிறது என்று நானும் நம்பினேன்.

ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நின்ற பஞ்சாபிப் பெண் என் கணவரின் கைகளையே பார்த்தார். "எனக்கும் இப்படித்தான் நடுங்கிச்சு, பெஹன்ஜி. தைராய்டு. டாக்டர்கிட்ட கேளுங்க" என்று இந்தியில் சொல்லி, தன் இடத்தை எங்களுக்கு விட்டார்.

தயங்கித்தான் கேட்டேன். டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஆஞ்சியோவுக்குச் செலுத்திய மருந்திலிருந்த அயோடின் தைராய்டைத் தூண்டிவிட்டிருந்தது. மாத்திரையில் மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது.

அடுத்தவர் வீட்டு விஷயம் என்று அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருப்பவரிடம் நானே பேச்சுக் கொடுக்கிறேன்.