வாசலில் கழற்றிய சப்பாத்து

எழுபதுகளின் நடுவில் எங்கள் கப்பல் பழுதாகி ஜப்பான் தீவு ஒன்றில் இரண்டு மாதம் கிடந்தது. எனக்குக் குசினியில் சமையல் வேலை. என் ஊர்க் கூட்டாளி எஞ்சின் அறையில். இருவரும் வேதக்காரர். ஞாயிறு வந்தால் மலைச்சரிவில் இருந்த மாதா கோயிலுக்கு ஏறுவோம்.

அங்கே கூட்டித் துடைக்கும் அம்மாவுக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும். அவ சொன்ன கதை இது.

முன்னொரு காலம் அங்கே வேதம் தடை. பிடிபட்டால் சாவு. சனங்கள் புத்த கோயில் பெண்தெய்வம் போலச் செய்த மாதாவை அலுமாரிக்குள் வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் செபித்தார்கள். ஒரு வீட்டுக்காரன் காட்டிக்கொடுத்தான். கொண்டுபோன பலர் திரும்பவில்லை. தடை நீங்கிய பிறகு வீட்டுக்கு வீடு கடற்கரையில் இருந்து கல் சுமந்து கோயில் கட்டினார்கள். காட்டிக்கொடுத்த வீட்டுப் பிள்ளைகளும் ஒரு கல் கொண்டுவந்தார்கள். அதைச் சுவரில் வைக்கவில்லை. எறியவும் இல்லை. வாசலில் போட்டார்கள். உள்ளே போகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றி அதில்தான் வைப்பார்கள். நாங்களும் வைத்தோம்.

“பாத்தியோ மச்சான், அவன்ர கல்லு செருப்புத்தான் சுமக்குது” என்று கூட்டாளி சிரித்தான்.

அடுத்த வருடம் சிட்னியில் இறங்கினோம். கப்பலுக்குத் திரும்பவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் இருவருக்கும் ஒரு அறை, செவன் ஹில்ஸில் தொழிற்சாலை வேலை. விசா இல்லை. பிடிபட்டால் ஊருக்கு அனுப்புவார்கள். வீட்டில் மூன்று தங்கச்சிமார். உழைக்க வேறு ஆள் இல்லை.

ஞாயிறு கோயிலுக்குப் போவேன். வெள்ளைக்காரர் சப்பாத்தோடு உள்ளே போவார்கள். கூட்டாளி வந்தால் அவனும் அப்படித்தான். எனக்கு அப்படிப் போகக் கால் வராது. வாசலில் கிடப்பது என் சோடி ஒன்றுதான்.

“ஒருநாள் உந்தச் சப்பாத்தை ஆரும் களவெடுப்பாங்கள்” என்பான் கூட்டாளி.

ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போன அவன் வரவில்லை. பிடித்துவிட்டார்கள் என்று விளங்கியது. நான் இன்னொருவர் வீட்டில் ஒதுங்கினேன். அந்த வீடு அவனுக்குத் தெரியாது. கோயில் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தேன். என் சப்பாத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடிவரவு அதிகாரிகள் நின்றார்கள்.

“யுவர் ஷூஸ்?”

தலையாட்டினேன். போட்டுக்கொள்ள விட்டார்கள்.

வில்லாவுட் தடுப்பு முகாமில் கூட்டாளி இருந்தான். அவனே சொன்னான்.

“உன்ர பேர் சொல்லேல்லை மச்சான். சப்பாத்தை மட்டுந்தான் சொன்னனான். சொன்னா என்னை விடுவாங்கள் எண்டு நினைச்சன்.”

“விட்டாங்களோ?”

“இல்லை.”

அடுத்த ஞாயிறு ஒரு பங்குச் சுவாமி வந்து முகாம் மண்டபத்தில் பூசை வைத்தார். கூட்டாளி வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எனக்காக வெறுங்காலோடு நின்றான்.

“கழட்டிப்போட்டு வா மச்சான்.”

நான் சப்பாத்தோடு உள்ளே போனேன்.