தேயிலைப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கர்

ரம்பம் இறங்கியதும் பலகையிலிருந்து தேயிலை வாசம் வந்தது. எத்தனையோ வருஷம் துணி வைத்திருந்த பெட்டி. ஆனாலும் அந்த வாசம் போகவில்லை.

மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட். ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு வீடு, அதற்கு லயம் என்று பெயர். முதல் வீட்டில் இருமினால் ஆறாவது வீட்டில் யார் இருமல் என்று சொல்லிவிடுவார்கள். அதில் ஒரு வீட்டில் அம்மாவும் நானும். அம்மா கொளுந்து பறிக்கப் போவாள். நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ். கிளாசில் நான் ஒருத்திதான் பெண்.

ஆம்ப்ளிஃபயர் நானே சால்டர் வைத்தது. எட்டு இஞ்ச் ஸ்பீக்கரை உடுமலையில் வாங்கி, மலை ஏறும் பஸ் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டிதான் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் அந்தத் தேயிலைப் பெட்டி.

அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தபோது எஸ்டேட் கிரச்சில் போதுமான தொட்டில் கிடையாது. இலை பறிக்க அம்மாக்கள் வேண்டும், அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குத் தொட்டில் வேண்டாம். பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் சேலையை மடித்துப் போட்டு எங்களைக் கிடத்தினார்கள். பிள்ளை மாறிவிடக் கூடாதென்று கிரச் ஆயா ஒவ்வொரு பெட்டியிலும் நீலப் பெயிண்டில் பெயர் எழுதினார். பிறகு தொட்டில் வந்தது. பெட்டிகளை விறகுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாரும் எரித்தார்கள். அம்மா மட்டும் எரிக்கவில்லை.

அதைத்தான் அறுத்துச் சின்னதாக்கினேன். எஸ்டேட் பெயர் கறுப்பு அச்சில் இருந்த பலகையை முன்பக்கம் வைத்தேன். கம்பெனி செட் மாதிரி தெரியட்டும் என்று. என் பெயர் இருந்த பலகையைப் பின்பக்கம், எழுத்து உள்ளே போகும்படி திருகினேன். பெட்டியில் கிடந்த பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது... அவ்வளவு வெட்கம் எனக்கு.

முதல் பாட்டிலேயே ஜிர்ரென்று இரைச்சல். அரை நாள் ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், தேயிலையில் ஈரம் படாமலிருக்க உள்ளே ஒட்டுகிற ஈயத்தாள். அதை உரிக்க மறந்திருந்தேன். சுரண்டி எடுத்த பிறகு வந்தது பாருங்கள் ஒரு பேஸ்...

வேலை முடிந்து வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலையும் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொள்வாள். பேஸை ஏற்றச் சொல்வாள். நாளெல்லாம் சரிவில் நின்ற காலுக்கு அந்த அதிர்வு இதமாம். பக்கத்து வீட்டு செல்வி அக்கா சுவரைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சத்தத்தைக் கூட்டு. இரண்டு தட்டு என்றால் பாட்டை மாற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாட்டுச் சத்தம் கேட்டு பீல்டு ஆபீசர் வாசலில் வந்து நின்றார். அவர் கண் முன்பலகையில் இருந்த எஸ்டேட் பெயரிலேயே நின்றது.

"இது பேக்டரி பெட்டியல்லே? ஆரு எடுத்தது?"

"எடுக்கல சார். குடுத்தது" என்றாள் அம்மா.

யார் கொடுத்தது, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். நாளைக்கு ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றார். திருட்டு என்று எழுதினால் அம்மாவுக்கு வேலை போகும். வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். எஸ்டேட்டில் இரண்டும் ஒன்றுதான். நான் ஆசைப்பட்டு முன்னால் வைத்த எழுத்து எங்களைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது.

"ஏட்டி, பின்பக்கத்தக் கழத்து."

நான் அசையவில்லை. லயமே வாசலில் கூடியிருந்தது.

"கழத்துட்டிங்கறேன்."

நாலு ஸ்க்ரூ. பலகையைத் திருப்பினேன். நீல எழுத்தில் முத்துராணி.

"இந்தப் பெட்டிலதான் சார் எம் புள்ள ஒரு வருசம் கெடந்தா. வெறகுக்கு எடுத்துக்கங்கன்னு சொன்னது நீங்கதான். அப்ப ஒங்க மீச நல்லா கருப்பா இருந்துச்சு."

பின்னாலிருந்து செல்வி அக்கா, "எம் மவன் பெட்டிய நான் எரிச்சுட்டேன் சார். சாம்பலக் கொண்டாரவா?" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். ஆபீசர் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சத்தத்தைக் குறைத்து வைக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதுவும் எழுதவில்லை.

செல்வி அக்கா தன் வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தட்டினாள்.

ஒரே ஒரு தட்டு.

அந்த வாரமே பலகைகளை மாற்றினேன். என் பெயர் இருந்த பலகை முன்னால் வந்தது. பெயர் அழியாமல் அதற்கு மேலே துளை போட்டு, ஸ்பீக்கரைப் பொருத்தினேன். எஸ்டேட் பெயர் பின்னால் போனது, எழுத்து உள்பக்கம்.

இப்போது பாலக்காட்டில் ஆடியோ சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். முழுக்கப் பசை போட்டு ஒட்டிய ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் வருகின்றன. உடைக்காமல் திறக்கவே முடியாது. காதில் செருகுகிற பட்ஸ் என்னிடமும் இருக்கிறது. நல்ல சத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டை நான் மட்டும்தான் கேட்கிறேன். இங்கே சுவரைத் தட்ட ஆள் இல்லை.

அம்மா ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அத்தனை வருஷம் இலை பறித்தவளுக்கு அந்த மலையில் ஒரு அடி நிலம் கிடையாது. அதைக் கேட்டால் மட்டும் எல்லாருக்கும் காது அடைத்துவிடுகிறது. அம்மா பாத்திரங்களைக்கூட லாரியில் ஏற்றிவிட்டாள். பெட்டியை மட்டும் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இன்றைக்கும் சாயங்காலமானால், முன்பலகையின் நீல எழுத்து மறைய, உள்ளங்காலை அதில்தான் வைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இது என்ன பிராண்ட் என்று என்னிடம் கேட்பார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா காலை ஓரமாக நகர்த்திக்கொள்வாள்.