கொக்கி நிமிர்ந்த கதை

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் வைத்திருக்கும் பெயர் கொக்கி. மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிற வேலை. 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்பதை எறும்பு சைஸில் போட வேண்டுமென்றால், கம்ப்யூட்டருக்குள் மூக்கை நுழைத்தால்தான் முடியும் என்பது அவர் கட்சி. பகலெல்லாம் அப்படிக் குனிந்து வளைந்தே இருப்பார். வீட்டுக்கு வந்தால் மடியில் போன்.

அப்படிப்பட்ட மனுஷர் பார்ப்பார் என்று நம்பி, இடுப்பு வரை இருந்த முடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டு வந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். அவர் முன்னால் தலையை ஆட்டி ஆட்டி நடந்தேன். "காத்து வருது, ஜன்னலச் சாத்து" என்றார். போனில் இதைக் கேட்ட என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீயா சொல்லிடாதக்கா. அவரா பார்க்கட்டும்."

நானும் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் எரிந்தது. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு என் முகமே மறந்து போயிருக்குமோ என்று பயமாகக்கூட இருந்தது.

இதற்கிடையில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கழுத்து வலித் தைலத்துக்கு லேபிள் போட்டதும் இவரேதான். ஆபீசில் ஒரே சிரிப்பாம். "எதையும் கண்ணு மட்டத்துல வச்சுப் பாருங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர் சுவரில் முதுகை ஒட்டி நின்று, பென்சிலால் கண் மட்டத்தைக் குறித்து, ஸ்டூல் போட்டு ஏறி, சமையலறை வாசலில் போனைத் துணிக்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்.

"இனிமே நிமிர்ந்து நின்னுதான் பார்ப்பேன்!"

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுவரை விட்டு வந்ததும் உடம்பு பழையபடி கொக்கியாகிவிட்டது. போன் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் நிமிர்ந்திருப்பார்கள். இவர் அதே ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேலே ஏறி நின்று, போனைக் குனிந்து பார்த்தார்!

எனக்கு வந்ததே கோபம். "முதல்ல கீழ இறங்குங்க!" இறங்கியதும் ஸ்டூலைப் பிடுங்கிச் சமையலறைக்குள் போட்டுவிட்டு, வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அய்யோ, மெசேஜ் வந்திருக்கும்மா. ஸ்டூலக் குடு."

"நிமிருங்க, தானா தெரியும்."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முக்கி முனகி நிமிர்ந்தார். எலும்பு மடக் மடக்கென்றது. கண் மட்டத்துக்கு வந்து சேர்ந்த நேரம் பார்த்து, மின்விசிறிக் காற்றில் போன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியது. போனுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

அவர் வாயைப் பிளந்தார். "ஏய்... முடி எங்க?"

"வெட்டிட்டேன்."

"எப்ப?"

"போன மாசம்."

"போன மாசமா? அப்ப நான் எங்க இருந்தேன்?"

"இங்கதான். குனிஞ்சுட்டு இருந்தீங்க."

திட்டுவதற்கு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் கண்தான் கலங்கியது. "நல்லா இருக்கு" என்றார். "நிஜமா ரொம்ப நல்லா இருக்கு." அதற்குள் போன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவர் நெற்றியில் டொக்கென்று மோதியது. மனுஷர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.