பேசக்கூடாத கடை

உடும்பஞ்சோலைக்கு மேலே, சூடேறிய ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்திய இடத்தில் ஒரே ஒரு கடை. டீயைக் கையில் வாங்கியதுமே, பக்கத்தில் நிற்கும் தலைப்பாகைக்காரர் என் முழங்கையைத் தொடுகிறார்.

"தம்பி, எனக்கு ஒரு படி உப்பு கேளுங்க."

கடைக்காரர் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறார். நீங்களே கேட்கலாமே என்கிறேன்.

"நான் அவன்கிட்ட பேசக்கூடாது. குடிக்குக் காணி நான். கூட்டம் போட்டு நான்தான் விதிச்சேன்."

காணி என்றால் மலைக்குடியின் தலைவர். எந்தச் சரிவில் விதைப்பது, எதைச் சும்மா விடுவது என்பதெல்லாம் அவர் வாக்கு. குடிக்குத் தண்ணீர் தரும் ஊற்றில் கடைக்காரரின் எருமைகள் இறங்கிக் கலக்குகின்றன. இரண்டு முறை சொல்லியும் கேட்காததால், குடியில் யாரும் அவரோடு பேசக்கூடாது என்று தண்டனை.

"எங்க ஆளுக்கு இதைப் போட்டா மூணு நாள் தாங்கமாட்டான். அழுதுட்டு வந்து நிப்பான்."

தாலுகாவுக்கு மனு எழுதுவோம், இப்போதே எழுதித் தருகிறேன் என்று துள்ளுகிறேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"ஊத்து இருக்கிற இடத்துக்கே அவன் தன் பேருக்கு சர்க்கார் பட்டயம் வாங்கிட்டான் தம்பி. நீங்க உப்பைக் கேளுங்க. இந்த மலையில வேற கடை இல்ல."

கேட்கிறேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அளந்து, பொட்டலத்தை என் கையில் வைக்கிறார்.

"காணிகிட்ட சொல்லிருங்க சார், சாயங்காலம் எருமையை ஓட்டிட்டு வருவேன்னு."

சொல்ல வேண்டியதில்லை. காணி பொட்டலத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வேகமாக நடக்கிறார். எருமைகள் வருவதற்குள் குடங்களை நிரப்பச் சொல்ல வேண்டும்.