ஆசீர்வாதம் உபதேசியார் அவிழ்க்காத நூல்

கல்லூரி மாத மடலில் நான் எழுத்துக் கூட்டி முழுதாக வாசித்து முடித்த முதல் பெயர் அவருடையது. காலை முதல் மணியை அடித்துவிட்டுச் சிற்றாலயப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஆ, சீ, ர், வா, த, ம். பெயர் கூடி வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில், தெரிந்தவர் பெயர் அச்சில் பிடிபடுவது சின்ன சந்தோஷம் இல்லை. அதே சிரிப்போடு அடுத்த வார்த்தையைக் கூட்டினேன். கா, ல, மா, னா, ர்.

மீதியை வாசிக்க இரண்டு நாள் ஆயிற்று. உப்பிலியபுரம் பக்கத்துச் சபைகளில் பன்னிரண்டு வருஷம், பட்டம் பெற்ற ஐயர்களுக்குக் கீழே, உபதேசியாராக உழைத்தவர் என்றும், பச்சைமலை அடிவாரத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார் என்றும் போட்டிருந்தது. அதுவரை சரி. கடைசி வரியில், தாழ்மையின் காரணமாகக் குருப்பட்டம் வேண்டாமென்று ஒதுங்கியவர் என்று இருந்தது. அது பொய். எழுத்துக் கற்று இரண்டு வருஷத்தில் நான் வாசித்த முதல் பொய் அதுதான். திருச்சிராப்பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சில் வேதசாஸ்திரம் படித்து, இன்று ஐயர்களாக அங்கி போட்டு நிற்கிறவர்களே, உங்களுக்கும் அது பொய் என்று தெரியும். தெரிந்தும் ஒருவரும் மறுத்து எழுதவில்லை. ஆகவே மணியடிக்கிற யாக்கோபு எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வருகிறது. கோபம் ஆறாமல் இருப்பதற்கு அதுவும் வசதியாக இருக்கிறது.

அவர் துறையூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு தகரப் பெட்டியோடும் வெடித்த பாதங்களோடும் வந்து சேர்ந்தார். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். கிணற்றடியில் எனக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டே கிரேக்குப் பாடம் ஒப்பிப்பார். ஒரு வாளிக்கு ஒரு வினைச்சொல். தப்பு வந்தால் வாளியைத் திரும்பக் கிணற்றில் விடுவார். “இந்த பாஷையைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள உங்க கயிறு தேஞ்சிடும் யாக்கோபண்ணே” என்பார். அந்த வருஷம் கிரேக்குப் பரீட்சையில் அவர்தான் முதல். உங்களில் பாதிப்பேர் அவர் நோட்டைப் பார்த்துப் படித்தவர்கள். அந்த நோட்டு எந்த அறையில் இருக்கிறது என்று என்னிடம் வந்து கேட்டவர்கள்.

வெளியார் வாசித்தால் விளங்குவதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சிற்றாலயத்தில் திருவிருந்துக்கு இரண்டு வெள்ளிக் கிண்ணங்கள் உண்டு. ஒரே ஆசாரி செய்த ஜோடி, வித்தியாசமே தெரியாது. டவுனிலிருந்து வரும் பெரிய குடும்பங்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்கள் முதலில் வந்து ஒரு கிண்ணத்தில் திராட்சரசம் குடிப்பார்கள். அவர்கள் திரும்பிப் போய் உட்கார்ந்த பிறகு பின்வரிசை ஜனங்கள் வந்து மற்றதில் குடிப்பார்கள். மாறிவிடாமல் இருக்கப் பின்வரிசைக் கிண்ணத்தின் தண்டில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். மாதா மாதம் புளி போட்டு விளக்கி, நூலைச் சரிபார்த்து வைப்பது என் வேலை. நானும் பின்வரிசைக்காரன்தான். நான் குடிக்கிற கிண்ணத்துக்கு நானே அடையாளம் கட்டினேன்.

சனிக்கிழமைதோறும் மாணவர்கள் தெருப் பிரசங்கம் பழகப் போவார்கள். மூன்றாம் வருஷத்தில் ஒரு சனிக்கிழமை காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனோம். சுவிசேஷப் புத்தகப் பெட்டி என் தலையில். சித்திரை வீதி முனையில் ஆசீர்வாதம் பேசினார், தேவன் முன்னால் எல்லாரும் ஒன்று என்று. நாமம் தரித்த பெரியவர் ஒருவர் கடைசிவரை நின்று கேட்டார்.

“நன்னாப் பேசறீர். ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கப்படாது” என்றார். “உங்க கோவில்ல எல்லாரும் ஒரே பாத்திரத்துலதான் பானம் பண்ணுவாளோ?”

ஆசீர்வாதம் என்னைப் பார்த்தார். நான் காலடியில் இறக்கி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தேன்.

“ரெண்டு பாத்திரம் இருக்குங்க சாமி” என்றார்.

பெரியவர் கையைத் தட்டிச் சிரித்தார். “அப்படிச் சொல்லும்! அப்போ நீரும் நானும் ஒண்ணுதான் ஓய். வெயில்ல நிக்காம ஆத்துக்குப் போம்.”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பாலத்தின் பாதியில் ஆசீர்வாதம் என் தலையிலிருந்த பெட்டியைத் தான் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: “மூணு வருஷமாப் பரீட்சை எழுதறேன் அண்ணே. இன்னைக்குத்தான் சரியான கேள்வி வந்துச்சு. ஃபெயிலாயிட்டேன்.”

அந்த மாதத் திருவிருந்து ஞாயிறு வந்தது. மேசையில் உதவி செய்யும் முறை அவருக்கு. காலையில் நான் கிண்ணங்களை விளக்கும்போது இற்றுப்போன நூல் அறுந்து புளித்தண்ணீரோடு போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டு புது நூல் தேடப் போனேன். அதற்குள் ஆராதனைக்கு மணியடிக்கும் நேரம் ஆகிவிட்டது. ஓடினேன். மணியடித்துத் திரும்பி வந்தால் இரண்டு கிண்ணமும் மேசைமேல் இருந்தன. அவர் எடுத்துப் போய் வைத்துவிட்டார். எது எது என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

முன்வரிசை குடித்து முடித்தது. பின்வரிசைக்கு இரண்டாவது கிண்ணத்தை எடுத்தபோதுதான் சபை மூப்பர் அதன் தண்டைப் பார்த்தார். நூல் இல்லை. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தன் வாயில் பட்டது எந்தக் கிண்ணம் என்று இனி அவருக்குத் தெரியவே போவதில்லை.

ஆராதனை முடிந்ததும் அங்கி மாற்றும் அறையில் கத்தினார். “எங்கய்யா நூலு? யாரு அவுத்தது? டேய் யாக்கோபு, நீதானே?”

எனக்கு அப்போது இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். கல்லூரி கொடுத்த வீடு. ஆசீர்வாதம் என் முகத்தைப் பார்த்தார்.

“அவரைக் கேக்காதீங்கய்யா. நான்தான் அவுத்தேன்” என்றார்.

“ஏன்டா?”

“கட்டச் சொல்லி எந்தப் பாடத்துலயும் சொல்லித்தரலீங்க.”

வெளியே வராந்தாவில் அவருடைய வகுப்பு முழுதும் நின்றுகொண்டிருந்தது. உங்கள் செருப்புகளை நான் எண்ணவில்லை. ஆனால் முகங்களை மறக்கவில்லை. ஒருவராவது உள்ளே வந்து, ஆமாம் ஐயா, எங்களுக்கும் சொல்லித்தரவில்லை என்று சொல்லியிருக்கலாம். மணியடிக்காமலே எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டீர்கள்.

மறுநாள் பிரின்ஸ்பால் ஐயர் அவரைக் கூப்பிட்டு, மூப்பருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, மற்றவர்களோடு உனக்கும் குருப்பட்டம் ஆகிவிடும் என்றார். அவர் வேண்டாம் என்றது அந்தக் கடிதத்தை. குருப்பட்டத்தை அல்ல. மடலை அச்சடிக்கிறவர்கள் இந்த இரண்டையும் இனிமேல் குழப்பவேண்டாம். உங்களுக்கெல்லாம் பட்டம் ஆன அன்று அவர் உபதேசியாராக, தகரப் பெட்டியோடு துறையூர் பஸ் ஏறினார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“நான் போய்ச் சொல்லிடறேன் தம்பி” என்றேன்.

“இப்ப சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போகும் அண்ணே. விடுங்க. ஆனா ஒண்ணு. அது தானா அறுந்துச்சு. திரும்பக் கட்டாதீங்க.”

அடுத்த மாதமே கட்டினேன். கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அறுந்துபோகாதபடி இரட்டை முடிச்சு. உங்கள்மேல் உள்ள கோபத்தைவிட அந்த முடிச்சுப் போட்ட விரல்கள்மேல் எனக்குக் கோபம் அதிகம். இப்போது பேனா பிடித்திருப்பதும் அதே விரல்கள்தான்.

உலகச் சண்டைக்காலம் முடிந்த பிறகு உபதேசியார்களுக்குக் கோடையில் ஒரு மாத வகுப்பு வைத்தார்கள். அவர் வந்தார். காய்ச்சலில் பாதியாக இளைத்திருந்தார். வகுப்பு முடிந்ததும் கரும்பலகையை நான் துடைக்கப் போனபோது கையைப் பிடித்தார். “முப்பது வருஷமா எவ்வளவு வேதசாஸ்திரத்தை அழிச்சிருக்கீங்க, தெரியுமாண்ணே? இனிமே ஒரு எழுத்தையாவது படிச்சிட்டு அழிங்க.” அன்று ‘அ’. ஒரு நாளைக்கு ஒன்றாக அந்த மாதம் போயிற்று. மறு கோடையில் வந்தபோது நான் என் பெயரைப் பலகையில் எழுதிக் காட்டினேன். ‘யா’ கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவர் அங்கே உட்கார்ந்திருந்த உபதேசியார்களை எல்லாம் எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னார். அன்று நான் இரண்டு மணி அதிகமாக அடித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நூலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. திருவிருந்தில் என் பக்கத்தில் முழங்காலிட்டு, அந்த இரட்டை முடிச்சுக்குக் கீழே பிடித்துக் குடித்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் எனக்கு விட்டுப்போனவை இரண்டு. ஒன்று எழுத்து. அதைக் கொண்டு அன்று அவர் எழுத மறுத்த மன்னிப்புக் கடிதத்தை இன்று நான் எழுதிவிட்டேன். மூப்பருக்கு அல்ல, ஆசீர்வாதத்துக்கு. இன்னொன்று, திரும்பக் கட்டாதீர்கள் என்று அவர் சொன்ன சிவப்பு நூல், சட்டைப் பையில் இருக்கிறது. நேற்றுக் கத்தி வைத்து அறுக்க மனம் வரவில்லை. நகத்தாலேயே இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன். வரும் ஞாயிறு மேசைக்கு இரண்டு கிண்ணமும் வெறும் தண்டோடு போகும். யார் அவிழ்த்தது என்று கேட்பார்கள். வேறு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

யாக்கோபு