சம்பந்தி நாடு ஸ்வீடன்

மதுரை வில்லாபுரத்தில் யார் வீட்டில் காதுகுத்து, யார் வீட்டில் கிரகப்பிரவேசம், யார் புதிதாகக் கட்சி மாறியிருக்கிறார் என்பதெல்லாம் அழகுராஜாவின் பிளக்ஸ் கடைக்குத்தான் முதலில் தெரியும். இருபது வருடமாகப் பிளக்ஸ் அடிக்கிறார். அச்சடிப்பதை மிஷின் பார்த்துக்கொள்ளும். முகங்களை வரிசைப்படுத்துவதுதான் மனிதன் செய்கிற வேலை. தாய்மாமன் தலை எவ்வளவு பெரிது, பெரியப்பா எந்தப் பக்கம், வார்டு கவுன்சிலர் கும்பிட்டபடி நிற்பதா கையை ஆட்டுவதா என்று அவர்தான் முடிவு செய்வார். ஒரு அங்குலம் பிசகினாலும் பந்திக்கு முன்பே சண்டை வந்துவிடும். மேலூரிலிருந்தும் பேரையூரிலிருந்தும்கூட ஆட்கள் வந்து, "அண்ணே, வரிசைய மட்டும் சொல்லிருங்க, பிரிண்ட எங்கூர்லயே அடிச்சுக்கிறோம்" என்று கேட்டுப் போவார்கள்.

அப்பேர்ப்பட்ட ஆள், தன் சொந்த மகள் கல்யாணத்தில் கோட்டை விட்டார்.

அவருக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் திவ்யா, ஸ்வீடனில் புருஷன் முத்துக்குமரனோடு இருக்கிறாள். இரண்டாமவள் தமிழ்வாணிக்குக் கல்யாணம் நடந்தபோது, மூத்த மாப்பிள்ளை பத்து நாள் லீவு போட்டு, இரண்டு விமானம் மாறி, பந்தல்காரனிடம் பேசுவதிலிருந்து தண்ணீர் கேன் இறக்குவது வரை எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் இருபதுக்குப் பத்து பிளக்ஸ். மணமக்களுக்குக் கீழே முதல் வரிசையில் மூத்த மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில், புது சம்பந்தியின் மைத்துனர் ஒருவர் கூலிங்கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்தார். முத்துக்குமரன் இரண்டாவது வரிசைக் கடைசியில், பங்காளிகளுக்கு நடுவே, ரேஷன் கார்டு போட்டோ அளவில் இருந்தார். போதாததற்குப் பாதி முகத்தைக் குத்துவிளக்குப் படம் மறைத்திருந்தது.

மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். திவ்யாதான் அப்பாவைப் பிடித்து உலுக்கிவிட்டாள். அழகுராஜா நாலு பேர் முன்னால் தன் கடை டிசைனர் சோணையைக் கூப்பிட்டு, "ஏன்டா, பத்து வருசமா எங்கிட்ட இருக்க, ஒனக்கு வரிசை தெரியாதா? வீட்டு மாப்ளயக் கொண்டுபோயி எங்கடா வச்சிருக்க?" என்று கத்தினார். நாற்பது வயதுச் சோணை தலை குனிந்து நின்றான். முந்தின நாள் சாயந்திரம், "சம்பந்தி மச்சினன மேல ஏத்து, நம்ம மாப்ள தங்கமான ஆளு, ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்று சொல்லி, மவுசைத் தானே பிடித்து முத்துக்குமரனைக் கீழே இழுத்து விட்டவர் அழகுராஜாதான். அது அவருக்கும் தெரியும், சோணைக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு இரண்டு வருடமாகத் திவ்யாவின் போன் தாய் தங்கப்பொண்ணுக்குத்தான் வந்தது. அப்பா பக்கத்தில் இருந்தால், "சாப்டீங்களாப்பா?" என்று ஒரு கேள்வி. மாப்பிள்ளையிடமிருந்து அதுவும் இல்லை. பொங்கலுக்கு வருவதாக இருந்தவர்கள் லீவு இல்லை என்றார்கள். அடுத்த பொங்கலுக்கும் அதே லீவுதான் இல்லை. அழகுராஜா வெளியே காட்டிக்கொள்ளாமல், "வெளிநாட்டு வேலைன்னா அப்படித்தான்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். உள்ளுக்குள் அந்த மனுஷன் வெந்துகொண்டிருந்தார். மகள் தன்னை விட்டுப் போய்விட்டாள் என்ற பயத்தில் பல நாள் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் திவ்யாவின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மூன்று கிரீடம் போட்ட மஞ்சள் சட்டையில், பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு பனித்தளம். சோணையிடம் விசாரித்ததில் அது ஐஸ் ஹாக்கி என்று தெரிந்தது. மாப்பிள்ளைக்கு அதில் கிறுக்கு என்று தங்கப்பொண்ணு சொன்னாள். அழகுராஜா அன்றைக்கே போனில் அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

மதுரைச் சித்திரை வெயிலில், மிஷின் சூட்டுக்கு நடுவே பனியன் நனைய உட்கார்ந்து பனியில் சறுக்குகிறவர்களைப் பார்ப்பது லேசான காரியமில்லை. பந்து என்று அவர் தேடியது பந்தே இல்லை, கறுப்பு வில்லை. அது எங்கே போகிறது என்பது கோல் விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்று பிடித்துப் போயிற்று. தப்புச் செய்தவனை இரண்டு நிமிடம் ஒரு கூண்டில் தனியாக உட்கார வைக்கிறார்கள். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து விடுகிறார்கள், அவனும் ஒன்றும் நடக்காததுபோல ஆடப் போகிறான். இரண்டு நிமிடத்தில் முடிகிற தண்டனையைப் பார்த்து அழகுராஜாவுக்குப் பொறாமையாக இருந்தது.

ஆட்டத்தை விட அவரைத் திணற வைத்தது, யார் பக்கம் நிற்பது என்ற கேள்வி. ஸ்வீடன் சரி, மூத்த சம்பந்தி நாடு. மற்றவர்கள்? உலகக் கோப்பையில் பதினாறு அணி. வரிசை தெரியாமல் அவரால் எதையும் பார்க்க முடியாது. ஒரு பழைய பிளக்ஸின் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுத ஆரம்பித்தார். கனடாவும் அமெரிக்காவும் வேலியைப் பங்கு போட்ட பங்காளிகள், அந்தச் சண்டையில் நாம் தலையிடக் கூடாது. செக்கும் ஸ்லோவாக்கியாவும் ஒரே வீடாக இருந்து பாகம் பிரித்துக்கொண்டு போனவர்கள், ஒருவரைப் பாராட்டினால் மற்றவருக்கு வருத்தம் வரும். ரஷ்யாவை ஊரே தள்ளி வைத்திருக்கிறது, அங்கே கை நனைக்க வேண்டாம். நார்வேயும் டென்மார்க்கும் ஸ்வீடனுக்கு ஒன்றுவிட்ட முறை. அதனால் ஸ்வீடனோடு மோதாத நாளில் அவர்களுக்குக் கை தட்டலாம்.

"நம்ம இந்தியா இதுல இல்லையா?" என்று தங்கப்பொண்ணு கேட்டாள்.

"இருக்கு. ஆசியக் கோப்பைல இருக்கு. லடாக்குப் பக்கத்துப் பிள்ளைக ஆடுதுக."

"அப்ப அதுக்குல்ல நிக்கணும்?"

"அது நம்ம வீடு. வீட்டு ஆளுக்கு யாராச்சும் பத்திரிகை வைப்பாங்களா?" என்றார் அழகுராஜா. வீட்டு ஆள் என்று நினைத்துத்தான் முத்துக்குமரனையும் கீழே இறக்கினார் என்பது அப்போது அவர் மண்டையில் ஏறவில்லை.

பட்டியலில் அவர் பேனா நின்ற இடம் பின்லாந்து. ஏனென்றால் தமிழ்வாணியும் இளைய மாப்பிள்ளையும் ஒரு வருடமாக அங்கேதான் இருக்கிறார்கள். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இந்த ஆட்டத்தில் ஏழாம் பொருத்தம் என்று சோணை படித்துச் சொன்னான். இரண்டு மகளும் இரண்டு கண் என்றெல்லாம் மேடையில் பேசலாம். கோல் விழும்போது ஒரு பக்கம்தான் கை தட்ட முடியும். இரண்டும் மோதாமல் இருக்க வேண்டும் என்று அவர் பாண்டி முனிக்கு ஒரு எலுமிச்சம்பழ மாலை நேர்ந்துகொண்டார்.

ஸ்வீடன் முதல் ஆட்டத்தில் ஜெயித்ததும் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் மாப்பிள்ளையிடம் பேசினார். ஒரு வாழ்த்து டிசைன் செய்து அனுப்பினார். 'வெற்றிவாகை சூடிய ஸ்வீடன் சிங்கங்களே' என்று மேலே. கீழே, வாழ்த்துகிறவர் என்ற முறையில், வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி அழகுராஜா. பிளக்ஸ் வழக்கப்படி வாழ்த்துகிறவர் படம்தான் எல்லாரையும் விடப் பெரிது. ஸ்வீடன் ஆட்டக்காரர்கள் அவர் தோளுக்குப் பின்னால் பொடிப்பொடியாகத் தெரிந்தார்கள்.

அரை மணி நேரத்தில் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறை. அதை அவர் சோணையிடம் காட்டினார், தங்கப்பொண்ணிடம் காட்டினார், கல்யாண பிளக்ஸ் ஆர்டர் கொடுக்க வந்தவரிடமும் காட்டினார். அடுத்த வெற்றிக்கு இன்னொரு டிசைன், இன்னொரு கட்டைவிரல். நாலாவது ஆட்டத்துக்கு, "சூப்பர் மாமா" என்று எழுத்திலேயே வந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தையை அவர் எத்தனை முறை படித்தார் என்பதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

எலுமிச்சம்பழ மாலை பலிக்கவில்லை. அரையிறுதியில் ஸ்வீடனும் பின்லாந்தும் மோதின.

வாழ்நாளெல்லாம் எல்லாரையும் திருப்திப்படுத்தி வரிசை போட்ட மனிதர், அன்று துணிந்து தமிழ்வாணிக்குப் போன் போட்டார். "தாயி, கோவிச்சுக்கிறாத. இன்னைக்கு ஒரு நா மட்டும் அப்பா அக்கா பக்கம் நிக்கிறேன்."

"எதுக்குப்பா?"

"ஹாக்கிக்கு. ஒங்க நாட்டோடதான் ஆட்டம்."

"அப்படியா? இவரு ஐபிஎல்லத் தவிர எதையும் பாக்குறதில்லப்பா" என்று சிரித்துவிட்டு அவள் போனை வைத்தாள். ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இருபது வினாடியில் முடிந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குள் ஆட்டம் தொடங்கியது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரும் சோணையும் உட்கார்ந்தார்கள். ஸ்வீடன் இரண்டுக்கு மூன்று என்று பின்தங்கியது. கடைசி நிமிடங்களில் ஸ்வீடன் தன் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுவிட்டு இன்னொரு ஆளைக் கோலடிக்க அனுப்பியது. "அடப்பாவிகளா, வீட்டத் தொறந்து போட்டுட்டு எங்கடா போறீக?" என்று அழகுராஜா அலறினார். காலியாகக் கிடந்த வலைக்குள் பின்லாந்துக்காரன் வில்லையை அலுங்காமல் தள்ளிவிட்டான். நாலுக்கு இரண்டு. முடிந்தது.

இப்போது என்ன அனுப்புவது? ஜெயித்தபோதெல்லாம் வாழ்த்திவிட்டுத் தோற்றபோது பேசாமல் இருந்தால் மாப்பிள்ளை என்ன நினைப்பார்? ஆனால் மதுரையில் தோற்றவனுக்குப் பிளக்ஸ் வைக்கிற வழக்கம் கிடையாது. அவர் கம்ப்யூட்டரில் மூன்றே வகை மாதிரிதான் இருந்தது: வாழ்த்து, வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி. துக்கத்துக்கு ஏற்றது மூன்றாவதுதானே?

சோணையைத் திறக்கச் சொன்னார். கறுப்புப் பின்னணி. "அந்த அழுகுற கண்ண எடுத்துரு. வெளக்கையும் எடுத்துரு." எடுத்தான். "இந்தத் தடவ எம் படம் வேணாம். மாப்ள படத்தப் போடு, நல்லாப் பெருசா. சோகத்துக்குக் கலரு ஆகாது, கறுப்பு வெள்ளையாக்கு." ஆக்கினான். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்ற வரி நன்றாக இருந்ததால் அதை விட்டுவைத்தார். கீழே, 'ஸ்வீடன் முத்துக்குமரன்' என்று பெயர், 'ஆறாத் துயரில் மாமனார் அழகுராஜா, வில்லாபுரம்'. சோணை ஒரு நிமிடம் திரையைப் பார்த்தான், பிறகு முதலாளியைப் பார்த்தான். கல்யாண மண்டபத்துக்குப் பிறகு அவன் எதற்கும் யோசனை சொல்வதை விட்டுவிட்டான்.

"சரிண்ணே" என்றான்.

மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதை சொந்தபந்தத்துக்கும் தெரியட்டும் என்று அழகுராஜா அதைக் குடும்பக் குழுவிலேயே போட்டார்.

பத்து நிமிடத்தில் பேரையூரிலிருந்து அவருடைய அத்தை ஒச்சாயி போனில் ஒப்பாரி வைத்தாள். மேலூர்ப் பங்காளி ஒருவர், "பாடி எப்ப வருது?" என்று கேட்டார். தமிழ்வாணி பின்லாந்திலிருந்து அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் போட, போன் கிடைக்காமல் இன்னும் அழுதாள். அழகுராஜா ஒவ்வொருவரிடமும், "இல்ல, நல்லாருக்காரு, தோத்துத்தான் போனாரு" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. தங்கப்பொண்ணு வீட்டிலிருந்து கடைக்கே நடந்து வந்து, வாசலில் நின்று அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது திவ்யாவின் பெயர் போனில் மின்னியது. அம்மாவின் போனில் இல்லை, அவருடைய போனில்.

"ஒங்களுக்கு அறிவிருக்காப்பா? அவரு மூஞ்சிய எதுல போட்டுருக்கீங்கன்னு பாத்தீங்களா? எங்க மாமியாருக்கு இன்னும் படபடப்பு அடங்கல..." என்று அவள் கத்தியதெல்லாம் நியாயம். நடுவில் போன் கை மாறியது.

"மாமா" என்றார் முத்துக்குமரன். இரண்டு வருடம் கழித்து அந்தக் குரல்.

"சொல்லுங்க மாப்ள."

"உசுரோட இருந்தா ரெண்டாவது வரிசை. செத்தாத்தான் முழுப் படமா?"

அழகுராஜா ஸ்டூலில் இருந்து எழுந்தார். எதிரே சோணை கம்ப்யூட்டரை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தான். சோணையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"மாப்ள, அன்னைக்கு சோணை தப்புப் பண்ணலை. நாந்தான் ஒங்களக் கீழ எறக்குனேன். புது சம்பந்தி வீட்டுக்குப் பயந்துக்கிட்டு எறக்குனேன். என் தப்ப அவன் தலைல போட்டுட்டேன்."

தங்கப்பொண்ணு ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோணை தலையைத் திருப்பிக்கொண்டான்.

"தெரியும் மாமா" என்றார் முத்துக்குமரன். "சோணை அண்ணே அன்னைக்கு மண்டபத்துலயே எங்கிட்டச் சொல்லிட்டாரு. நீங்க சொல்வீங்கன்னுதான் இம்புட்டு நாளா பாத்துக்கிட்டு இருந்தேன்."

அழகுராஜா அழுதார். ஐம்பத்தாறு வயது ஆள், மெயின் ரோட்டுக் கடையில், பாதி இறக்கிய ஷட்டருக்குள் நின்று, வெட்கமில்லாமல் அழுதார். மாப்பிள்ளைதான் பேச்சை மாற்றினார்.

"நாளைக்கு மூணாவது எடத்துக்கு ஆட்டம் இருக்கு மாமா. போன்லயே சேந்து பாப்போம். ஆனா ஜெயிச்சாலும் தோத்தாலும் போஸ்டர் மட்டும் போடாதீங்க. வாயால சொல்லுங்க, போதும்."